மூணு சீட்டும் ஃபுல்

எங்க அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனா வேலை படு சுத்தம். நூலோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் புருவம் எடுக்குற நேரத்துல மட்டும்தான் அந்த வாய் சும்மா இருக்கும்.

மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவுல அவங்க பியூட்டி பார்லர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ள மூணு சீட், அதுல ஒண்ணு மேல முடி காய வைக்கிற மெஷின். ஒரு காலத்துல உக்கார இடமில்லாம, தையல்கடை ஸ்டூலை இரவல் வாங்கிப் போடுவோம்.

அப்புறம் காலம் கெட்டுப்போச்சு. அண்ணன் ஃபேக்டரியில ஷிஃப்டைக் குறைச்சாங்க. நான் வேலை பாத்த ஆபீஸை மொத்தமா மூடிட்டாங்க. மாசாமாசம் வந்தவங்க எல்லாம் வீட்டுலயே தலைக்கு டை அடிச்சுக்கிட்டு, காதெல்லாம் கறுப்பா, எங்களைப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுவாங்க. அண்ணிக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அண்ணன் சாப்பிட்டுக்கிட்டே சொல்லிட்டான். "மாசக் கடைசி வரைக்கும் பாரு. தேறலன்னா மூடிடலாம். பெரிய ரோட்டு பார்லர்ல ஆள் எடுக்குறாங்களாம்."

அண்ணி பாடுபட்டு ஆரம்பிச்ச கடையை மூடிட்டு, இன்னொருத்தி கடையில போய் முடி பெருக்கணுமா? எனக்கு வந்த கோவத்துக்குக் குழம்புக் கரண்டியாலயே அண்ணனை நாலு போடலாம்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில அண்ணிக்கு ஒரு யோசனை உதிச்சது. "காலியா கிடக்குற கடைக்குள்ள எவளும் கால் வைக்க மாட்டா. நாமளே நிரப்பிடுவோம்."

நாமன்னா யாரு, நாங்கதான். முதல் சீட்ல முகம் பூரா வெள்ளை ஃபேஸ் பேக்கோட நான். மெஷினுக்குக் கீழ துண்டு கட்டிக்கிட்டு எங்க அம்மா. மூணாவதுல தையல்கடை அக்கா, அவங்களுக்கும் வேலை ஓடல. தினமும் இதே கூத்து. திருத்தித் திருத்தி என் புருவம் தேஞ்சே போச்சு, இன்னும் ஒரு தடவை கை வெச்சா பென்சில்லதான் வரையணும். அம்மா சூட்டுக்கு இதமா தூங்கிடுவாங்க.

"அத்தை, குறட்டை விடாதீங்க. கஸ்டமர் குறட்டை விடுவாங்களா?" அண்ணி தட்டி எழுப்புவாங்க.

கண்ணாடி வழியா யாராவது எட்டிப் பாத்தா அண்ணி கத்திரியைத் தூக்கிக்கிட்டு பயங்கர பிஸி ஆயிடுவாங்க. பாத்தவங்க லேசா சிரிச்சுட்டு நடையைக் கட்டிடுவாங்க. ஒருத்தரும் உள்ள வரல. ஏன்னு எங்க நாலு பேர் மண்டைக்கும் எட்டல.

மாசக் கடைசியும் நெருங்கிடுச்சு. அன்னிக்கு ஒரு அம்மா, கூடவே பொண்ணு, கதவைப் பாதி திறந்தாங்க.

"அடுத்த வாரம் இவளுக்குக் கல்யாணம். அலங்காரத்துக்குக் கேக்கலாம்னு வந்தோம். கூட்டமா இருக்கே, பரவால்ல, நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்."

கதவு மூடிடுச்சு. அண்ணி கத்திரியும் கையுமா அப்படியே நின்னுட்டாங்க. அப்பதான் எங்களுக்கு உறைச்சது. இத்தனை நாளா வந்தவங்களை எல்லாம் நாங்களே உக்காந்து விரட்டியிருக்கோம்.

நான் அந்தக் கோலத்தோடயே தெருவுல இறங்கி ஓடினேன். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுறதை விட்டுட்டு என்னையே பாத்தாரு. மானம் போனா போகட்டும்.

"அக்கா, நில்லுங்க. உள்ள ஒருத்தர்கூட கஸ்டமர் இல்ல. நான் கடைக்கார அண்ணிக்கு நாத்தனார், தூங்குறது மாமியார், இன்னொருத்தங்க பக்கத்துக் கடை. எல்லாரும் ஒப்புக்கு உக்காந்திருக்கோம். கடை காலிதான்."

பேசப் பேசக் காஞ்ச பேக் உதிருது. பொண்ணு பொத்துக்கிட்டுச் சிரிச்சா. அந்த அம்மா மட்டும் சிரிக்கல.

"கூட்டத்தைப் பாத்ததும் பெரிய இடம்போல, நமக்குக் கட்டுப்படியாகாதுன்னுதாம்மா நழுவினோம். இவ அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. அந்த ஒருநாள் மட்டும் இவ ஒரு குறையும் இல்லாம நிக்கணும்."

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்க்கா. பேசிக்கலாம், வாங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

நாங்க வர்றதுக்குள்ள அம்மாவைத் துண்டோட எழுப்பி, தையல்கடை அக்காவையும் சேத்து வெளியில நிறுத்தியிருந்தாங்க அண்ணி. பொண்ணை உக்கார வெச்சு, முகவாயை நிமித்தி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாங்க. "உங்களால முடிஞ்சதைக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கல்யாணத்துக்கு வந்த பொண்ணுங்கள்ல பாதிப் பேரு இப்ப எங்க கஸ்டமர்ங்க. மூடுற பேச்சை அண்ணனும் மறந்த மாதிரி நடிக்கிறான். அதெல்லாம் பின்னால நடந்தது.

அன்னிக்கு அண்ணி நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணோட புருவத்துல குனிஞ்சிருந்தாங்க. கண்ணாடிக்கு வெளியில யாரோ ஒருத்தங்க எட்டிப் பாத்தாங்க. எனக்குப் பழக்க தோஷம், சீட்ல போய் உக்காரப் போனேன். அண்ணி என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. பல்லுல இருந்த நூலை விட்டுட்டு, தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டாங்க.

"உள்ள வாங்கம்மா. ரெண்டு சீட் காலியா இருக்கு."