துரைசானி அம்மாவின் கடைசி நாவல்

அந்தப் பக்கத்தை டைப் அடித்து முடித்து, தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தபோதுதான் நான் என்ன அடித்திருக்கிறேன் என்பது உறைத்தது. லண்டனில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்டாகப் போகிற பெண். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. ஒருநாள் வேலை முடிந்து அவள் திரும்பி வரும்போது குழந்தை தோட்டத்துக் குளத்தில் மிதக்கிறது. 'அவள் சம்பாதித்தது இதைத்தான்' என்று அத்தியாயம் முடிந்திருந்தது.

நானும் டைப்பிஸ்ட். எனக்கும் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து என் கணவர் கட்டிலோடு கிடந்தார். மாமியார் நடவு, களை என்று கிடைத்த வேலைக்குப் போவார். எங்கள் சபைப் போதகர்தான் என்னைத் துரைசானி அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா, மிஷன் டாக்டராக இருந்த தம்பியோடு சீமையிலிருந்து இங்கே வந்தவர். தம்பி இறந்த பிறகும் ஊர் திரும்பாமல் மிஷன் கொடுத்த ஓட்டு பங்களாவிலேயே தங்கிவிட்டார். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சீமையில் பெயர்பெற்ற நாவலாசிரியராம். எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. சீமையிலும் அதற்குள் மறந்துபோயிருந்தார்கள்.

அவருடைய நடுங்கிய கையெழுத்தை அவரால் மட்டுமே படிக்க முடியும். அவர் இங்கிலீஷில் படிப்பார், நான் அடிப்பேன். காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும். அர்த்தம் பிறகுதான் வரும். அன்றைக்கு அது வந்தபோது தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா, இனிமே இத நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"வேலைக்குப் போனதுக்கா அவ கொழந்த சாவணும்? எங்க வூட்ல அடுப்பு எரியறதே நீங்க குடுக்கற சம்பளத்துலதான்."

"அறிவேன்." அவருடைய தமிழ் வேதாகமத்திலிருந்து கற்ற தமிழ். "ஆனாலும் ஸ்திரீயானவள் வீட்டைவிட்டுப் போகலாகாது. என் இளவயதில் மேடைதோறும் நின்று, ஸ்திரீகளுக்கு ஓட்டு வேண்டாம் என்று பேசினேன். ஸ்திரீகளே என்மேல் முட்டை எறிந்தார்கள். நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை."

வெட்கப்பட்டுச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெருமையாகச் சொன்னார்.

"நீங்க எழுதி சம்பாதிக்கலியா?"

"என்னை மணக்க இருந்தவர் யுத்தத்தில் மாண்டார். எனக்கு வீடு வாய்க்கவில்லை, எழுதிப் பிழைத்தேன். உனக்கு வீடு இருக்கிறதே."

நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். மாமியார் என்னைப் பார்த்ததும், "இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?" என்றார். குழந்தை எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். கணவரின் கட்டிலடியில் உட்கார்ந்து தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தது. அள்ளி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போவதில்லை என்றிருந்தேன். காலையில் போதகர் வந்து, "கொழந்தையையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்கம்மா" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். துரைசானி அம்மா தம் கட்டிலிலேயே புதிய விரிப்பு போட்டு வைத்திருந்தார். "தாயின் கண்முன்னே பிள்ளை இருக்கட்டும்" என்றார். பால் குடித்துவிட்டுக் குழந்தை அங்கேயே தூங்கிப்போனது. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, ஒரு கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு, அடுத்த அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினார். நாவலில் இறந்துபோன குழந்தையை அடக்கம் செய்யும் அத்தியாயம். குரல் பிசகவே இல்லை. அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். ஒரே அறையில் இரண்டும் எப்படி நடந்தன என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நாவல் முடிந்து லண்டனுக்குப் போயிற்று. 'இந்தக் காலத்துக்கு ஒவ்வாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்கு டைப்பிஸ்ட் தேவைப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நற்சான்று கேட்டு அவரிடம் போனேன்.

"நீ நன்றாகத் தட்டச்சு செய்கிறவள். ஆனாலும் இதற்கு நான் கையெழுத்திட மாட்டேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நின்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவு ஆத்திரம் எனக்கு யார்மீதும் வந்ததில்லை. சான்று இல்லாமலே போய், டைப் பரீட்சை எழுதி, அந்த வேலையை வாங்கினேன். பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை; அவரும் ஆள் அனுப்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இறந்துபோனார். நான் விடுப்பு கேட்டு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பங்களாவைக் காலி செய்தபோது போதகர் அவருடைய பழைய நாவல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். பச்சை அட்டை, செல்லரித்த ஓரம். வாங்கிப் பையில் போட்டு, திறக்காமலே பல நாள் சுமந்தேன். ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது பஸ்ஸில் பிரித்தேன்.

படிப்பை விட்டுவிட்டு, மணமாகி வீட்டோடு இருந்துவிட்ட ஒரு மனைவியின் கதை. அதிலிருந்த ஒரு கருத்தும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் விடியற்காலையில் அவள் தனியாக அடுப்பு மூட்டுகிற இடத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதைப் படித்தபோது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இதை எழுதியவரா அந்தக் குளத்து அத்தியாயத்தையும் எழுதினார் என்று திகைத்துப் பக்கத்தைத் திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"இன்னாம்மா, பிள்ளைப்பாக்கம் டிக்கெட்தானே? வல்லக்கோட்டையே வந்துடுச்சு" என்றார் கண்டக்டர்.

இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. டீக்கடை விளக்கருகே நகர்ந்துகொண்டேன், இன்னும் கொஞ்சம் படிக்கலாமென்று.