சக்கை என்று வந்த கடிதம்

ஆறு வருஷம் எழுதிய நாவலைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்காகத் தக்கலை தபாலாபீசுக்கு நடந்து நடந்தே என் செருப்புத் தேய்ந்தது. கடைசியில் வந்தவை மூன்று வரிகள். "நடை நன்று. ஆனால் பாதி சக்கை. பதினொரு அத்தியாயங்களை எடுத்துவிட்டால் பார்க்கலாம்."

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவன். என் எழுத்தை ஒருவர் திருத்தினால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டு, இனி பேனாவைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிக் குளிக்கப் போனேன்.

சென்னைக்காரருக்குச் சக்கை என்றால் பிழிந்து போட்ட கரும்பு. எங்கள் பக்கத்திலோ பலாப்பழத்துக்கே சக்கை என்றுதான் பெயர். மிஷன் பள்ளியில் படித்த என் மனைவி கடிதத்தை வாசித்து, பாதி நாவல் பலாப்பழமாக இனிக்கிறதாம், அதில் பதினொரு அத்தியாயங்களை எடுத்துக்கொள்வார்களாம் என்று பூரித்துப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபையே என்னைச் சூழ்ந்துகொண்டது.

"நம்ம வாத்தியாருக்க கதை சக்கை மாதிரி இருக்குன்னு மெட்ராஸ்ல இருந்து எழுதியிருக்காவளாம்லா!" என்றார் சபை மூப்பர். "எங்களுக்கு எப்ப வாசிக்கத் தருவிய?"

அசடு வழியச் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அர்த்தத்தை விளக்கியதும் மனைவியின் முகம் சுண்டிப்போனது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"அவங்க என்னத்தயும் சொல்லட்டு. சக்கைய ஆராவது களைவாங்களா? பழம் தின்னா, கொட்டைய அவிச்சுத் திங்கணும், தோலப் பசுவுக்குப் போடணும். நான் சபை முழுக்கச் சொல்லிப்போட்டேன். இனி நீங்க எழுதித்தான் தீரணும்."

எழுதாவிட்டால் சபையில் தலை காட்ட முடியாது. அந்தப் பயம்தான், உண்மையைச் சொன்னால், என்னை மறுபடி மேசைமுன் உட்கார வைத்தது. ஒவ்வொன்றையும் ஒரு சிறுகதையாக்கிவிடலாம் என்று பதினொரு அத்தியாயங்களையும் உருவித் தனியே வைத்தேன். முதலாவது, கருங்கல் சந்தையில் நான் கண்ணால் பார்த்தது. கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் ஒரு பெண்ணுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது. கூவ முடியாமல், கையாலும் கண்ணாலும் பேசியே கூடையைக் காலி செய்தாள்.

மூன்று வாரம் மல்லுக்கட்டியும் அது சிறுகதையாகவில்லை. அவள் பக்கத்தில் என் கதாநாயகன் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்து இரங்கினான், பெருமூச்சு விட்டான், நாலு பக்கம் பிரசங்கம் செய்தான். வேறு யார், நான்தான் அவன். ஒரு சனிக்கிழமை காலையில் எரிச்சல் தாங்காமல் அவனைத் தலைமுதல் கால்வரை பேனாவால் அடித்துவிட்டேன். மிச்சமிருந்தது ஐந்தே பக்கம். வாசித்தால், அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். சமையல்கட்டுக்கு ஓடி மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடுப்பில் குழம்பு அடிபிடித்தது. தீய்ந்த வாடை இரண்டு பேர் மூக்கிலும் ஏறவில்லை.

ஒரு சென்னைப் பத்திரிகை அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட்டது. மற்ற அத்தியாயங்களிலிருந்தும் கதாநாயகனை ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். பதினொன்றில் ஒன்பது கதைகள் தேறி அச்சேறின. நாவல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

முதல் கதை வந்த மாதத்தில் கருங்கல் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடைக்காரர் அதை உரக்க வாசித்து எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். அவர் என்னைக் கைகாட்ட, அந்த மீன்காரப் பெண் என் முன்னால் கூடையை இறக்கி வைத்தாள். நன்றாகத் திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

"வாத்தியாரே, எனக்க கதைய எழுதினது நீங்களாக்குமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஒண்ணு விடாம எழுதியிருக்கிய. அண்ணைக்கு நீங்க எங்க நிண்ணிய? நான் காணல்லியே!"

ஐந்தடி தள்ளித்தான் நின்றேன் என்று நான் சொல்லவில்லை. அவள் கண்ணிலும் நான் படவில்லை, கதையிலும் நான் இல்லை; அவள் அப்படிக் கேட்ட அந்த நிமிஷம் சந்தையில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவரும் கிடையாது.