கொத்தமல்லி மட்டும் விதைக்கிற நிலம்

எங்கள் தேவாலயப் பங்கு மடலில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் தூரப் பயணங்கள். வேளாங்கண்ணி, கோவா, ஒருமுறை கொல்கத்தா. இது வெறும் நூறு கிலோமீட்டர். போகும்போது மூன்று பேருந்து, திரும்பும்போது இரண்டு. ஆனால் கிளம்புவதற்கு எனக்கு நான்கு வருடம் ஆனது. சாமியார் இதை அச்சில் போடுவாரோ மாட்டாரோ, எழுதிவிடுகிறேன்.

காலை 5.20, சாமல்பட்டி. கிருஷ்ணகிரிக்கு முதல் பேருந்து, கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். ஏறி உட்காரும்போதே ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் எங்கள் நிலையத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போனது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் இது. ரயிலின் இரைச்சல் எங்களுக்கு, பயணம் மற்றவர்களுக்கு. இத்தனை வருடத்தில் நிற்காத ரயில் ஒன்றால் இங்கே ஒரு டீ கூட அதிகமாக விற்றதில்லை. இதெல்லாம் கண்ணால் பார்த்த நானே ஒரு ரயிலை நம்பினேன் என்றால் என்னை எதால் அடிப்பது?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் மூன்று ஏக்கர். பட்டா என் பெயரிலும் தம்பி அருளப்பன் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. உழுதவன் அவன், நான் உரிமை மட்டும் உள்ளவள். நான்கு வருடம் முன்பு பெங்களூர்க்காரர் ஒருவர், ரோஜாப்பூ பசுமைக்குடில் போட, ரோட்டோரம் ஒரு ஏக்கரை நல்ல விலைக்குக் கேட்டார். அந்தப் பணத்தில் போர்வெல்லை ஆழப்படுத்தி, மிச்ச நிலத்தில் தானும் ஒரு குடில் போடுவது தம்பியின் திட்டம். என் கையெழுத்து வேண்டும் என்று போனில் கேட்டான். அதே வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொல்லியிருந்தார்கள், எல்லை தாண்டி பெங்களூருக்கு அதிவேக ரயில் வருகிறது, நம் பக்கம்தான் ஸ்டேஷன், நிலம் மூன்று மடங்கு போகும் என்று. நான் தம்பியிடம், ஒரு வருடம் பொறு என்றேன். அவன் கெஞ்சினான். “என் கையெழுத்துக்கும் ஒரு விலை இருக்கும் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் கிறிஸ்மஸுக்கு மட்டும் போன் செய்கிறான்.

போன மாதம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ரயில் பாதைக்கு நில எடுப்பு விசாரணை. பட்டாதாரர்கள் இருவரும் ஆதார் அட்டையோடு செவ்வாய் காலை பதினொரு மணிக்கு ஓசூர் நில எடுப்பு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். என் தம்பியைப் பார்க்க எனக்கு அரசாங்கம் ஆள் விட வேண்டியிருந்தது. என் மனதில் இருந்தது ஒன்றுதான். என் பங்கு நஷ்ட ஈட்டை அவன் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அவன் என்னைப் பழையபடி அக்காவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காலை 6.50, கிருஷ்ணகிரி. டீ பன்னிரண்டு ரூபாய், ஆறிப்போனது. இங்கிருந்து ராயக்கோட்டை வழியாகக் கெலமங்கலம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பது ரூபாய். மார்க்கெட்டில் தக்காளி போட்டுவிட்டுக் காலிப் பிளாஸ்டிக் பெட்டிகளோடு வந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். போனில் வீட்டுக்காரியோடு தெலுங்கில் சண்டை போட்டு முடித்து, என் பக்கம் திரும்பித் தமிழில் சிரித்தார்.

ராயக்கோட்டை தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பலகைகள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே செய்தி: அதிவேக ரயில் நிலையம் ஐந்தே நிமிடம், மனை விற்பனைக்கு. வாத்து மூக்கு வைத்த ரயில் ஒன்று எல்லாப் பலகையிலும் இளித்தது. மனைகளில் எல்லைக்கல் இருந்தது, வீடு இல்லை. கல்லுக்குக் கல் எருக்கஞ்செடி முளைத்திருந்தது.

“ஸ்டேஷன் எங்கண்ணா வருது?” என்றேன்.

“யாருக்குங்க தெரியும்? மொதல்ல இங்கன்னாங்க. அப்புறம் கர்நாடகா பக்கம்னாங்க. ஸ்டேஷன் வரலீங்க, கல்லுதான் வந்துச்சு.” பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. “எங்க மாமா ஒருத்தரு, ரயிலு நம்ம நெலத்துலதான் போவும்னு அடிச்சிச் சொன்னாரு. மரத்துக்கு இவ்ளோன்னு தனியாக் குடுப்பாங்கன்னு, ஏக்கரு முழுக்க மாங்கன்னு நட்டுட்டாரு. ரெண்டடிக்கு ஒண்ணு! ரயிலு அடுத்தவன் நெலத்துல பூந்துடுச்சு. இப்ப அந்தத் தோப்புக்குள்ள ஆடு கூடப் போவ முடியலீங்க.”

நானும் சிரித்தேன். அப்போது அவர் கேட்டார்: “உங்களுது போச்சா, நின்னுச்சா?”

இந்தப் பக்கத்தில் இப்போது நலம் விசாரிப்பதே இப்படித்தான் போலிருக்கிறது. “எங்களது இல்லீங்க, என் தம்பியோடது. போச்சு” என்றேன். அது தம்பியுடையது என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நான்கு வருடம் முன்பு சொல்லியிருக்க வேண்டியது, தக்காளிக்காரரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காலை 8.30, கெலமங்கலம். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து நிலத்தில் இறங்கினேன். தம்பி மனைவி செலின் காத்திருந்தாள். தம்பி இல்லை. ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வாயிற்காவல் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம், இரவு ஷிப்ட் முடிந்து நேராக அலுவலகத்துக்கு வந்துவிடுவானாம். அவன் வேலைக்குப் போன சேதியே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கிறிஸ்மஸ் வாழ்த்தில் அதையெல்லாமா சொல்வார்கள்?

நிலத்தின் மேற்கு மூலையில் ஒரு மஞ்சள் அளவைக் கல், கிழக்கு மூலையில் ஒன்று, நடுவில் இரண்டு. ரயில் பாதை எங்கள் நிலத்தைக் குறுக்கே கோடு கிழித்துப் போகிறது. எடுப்பது எண்பது சென்ட். மிச்சம் இரண்டு முக்கோணங்கள். ஏர் திரும்ப இடம் இல்லாத முக்கோணங்கள். வேறு ஒரு பயிரும் இல்லை, முழுக்கக் கொத்தமல்லி. பச்சை வாசம் நன்றாகத்தான் இருந்தது.

“பீன்ஸ் போடலையா செலின்? முள்ளங்கி?”

“எதுக்கு அண்ணி? எப்ப வந்து எடுப்பாங்கன்னு தெரியாது. கொத்தமல்லின்னா நாப்பத்தஞ்சு நாளுல கைக்கு வந்துரும். மூணு வருசமா நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல நாங்க எதையும் யோசிக்கிறது இல்ல.” அவள் குரலில் கோபமே இல்லை. “போருல தண்ணி கீழ போயிருச்சு. ஆழப்படுத்தலாம்னா பேங்குல கடன் குடுக்கல, கல்லு நட்ட நெலம்னுட்டாங்க. விக்கவும் முடியாது, பத்திரம் பதிய மாட்டேங்கறாங்க.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கூரையோடு ஒரு பசுமைக்குடில் நின்றது. வாசலில் ஒரு வேன், பெட்டி பெட்டியாக ரோஜா ஏறிக்கொண்டிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. செலினே சொன்னாள்: “அன்னைக்கு நம்மகிட்ட கேட்டாரே, அவருதுதான் அண்ணி. நம்மளுது படியலன்னதும் எதிர்த்தாப்புல வாங்கிட்டாரு. அந்தப் பக்கம் கல்லு வரல.”

சாப்பிடச் சொன்னாள். ராகிக் களியும் கீரையும். இரண்டு கவளத்தோடு நிறுத்திக்கொண்டேன். ருசியாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன்.

காலை 9.40. கெலமங்கலத்திலிருந்து ஓசூர் இருபது கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ். ஓசூரை நெருங்க நெருங்கக் கம்பெனி பேருந்துகள், லாரிகள், அவற்றுக்கிடையே நெளிந்து போகும் பைக்குகள். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிப் பக்கம் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களுமாக ரோடு ஒரு நிமிடம் சும்மா இல்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் வாடகை ஏறிவிட்டதாம், ரயில் வருவதற்கு முன்பே. ரயில் எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

காலை 10.50. அலுவலகத்து வராந்தா பெஞ்சில் நீல யூனிஃபார்மில் ஒருவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அருளப்பன்தான். ஐம்பத்திரண்டு வயசு, மீசை முழுக்க நரைத்திருந்தது. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்து, “வாங்க... வாக்கா. சாப்ட்டியா?” என்றான். முதலில் வந்த அந்த ‘வாங்க’ என்னைச் சுட்டது.

எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டே கால். எழுத்தர் ஒரு இளம்பெண், பொறுமையானவள். பெயர், தந்தை பெயர், சர்வே எண். பிறகு அவனைப் பார்த்து, “தொழில்?” என்றாள்.

நான் முந்திக்கொண்டு, “விவசாயம்னு எழுதும்மா” என்றேன்.

“வேணாம் மேடம்” என்றான் தம்பி. “செக்யூரிட்டின்னு போடுங்க. அதான் நெசம்.”

அவள் எழுதினாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, வீட்டிலிருந்து பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன்: எனக்கு ஒரு பைசா வேண்டாம், என் பங்கையும் தம்பி பேரிலேயே எழுதிவிடுங்கள்.

“அப்படி எழுத முடியாதும்மா. நீங்க பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிஞ்சு தரணும். இந்த சர்வே நம்பர்ல இப்போ பதிவு நிறுத்தி வெச்சிருக்கு. பாதிப் பாதியாத்தான் வரும்.”

“பணம் வந்ததும் உனக்கே அனுப்பிடறேன் அருளு” என்றேன்.

“எதுக்குக்கா? உன் பங்கு உனக்கு. அந்தப் பணத்த வெச்சு நான் இப்ப என்ன பண்ணப்போறேன்? முக்கோணத்துல குடில் போட முடியுமா?” அவன் குத்திக்காட்டவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

கையெழுத்து ஆறு இடத்தில். தம்பி ஃபேன் காற்றில் பறக்காமல் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். “இங்க ஒண்ணுக்கா. இதோ, இந்தப் பெருக்கல் குறி போட்ட எடத்துல. இங்க ஒண்ணு.” ஆறு கையெழுத்துக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவன் கேட்டதும் இதே ஒரு நிமிடம்தான். பாவி நான், அன்றைக்குப் போட்டுத் தொலைத்திருந்தால் அந்த வெள்ளைக் கூரை நம் பக்கம் இருந்திருக்கும்.

பிற்பகல் 1.30, ஓசூர் பேருந்து நிலையம். கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். தம்பி சில்லறையாக எண்ணிக் கொடுத்து டிக்கெட் எடுத்தான், நான் தடுத்தும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். கண் சிவந்திருந்தது. போய்த் தூங்கு என்றேன். பஸ் கிளம்பட்டும் என்று வெயிலில் நின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாள் முழுக்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“வீட்டுக்கு ஒருநாள் வாடா அருளு. இல்லன்னா என்னைக் கூப்பிடு, நான் வரேன். எப்போ கூப்பிடுவ?”

அவன் ஜன்னல் கம்பியில் கை வைத்து, சிரிக்கத்தான் சிரித்தான்.

“நோட்டீஸ் வரும்க்கா” என்றான். “அவங்களே கூப்புடுவாங்க.”