மச்சானிடம் கேட்காத காலை

என் காருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். முன்பு வைத்திருந்தவர் திருட்டுக்குப் பயந்து ஒரு பெட்டியை மாட்டியிருந்தார். அந்தப் பெட்டியின் வேலை அது. கழற்றிவிட வேண்டும் என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னதோடு சரி. சாவியும் ஒன்றுதான். எஞ்சினை ஓட விட்டு இறங்க வேண்டி வந்தால் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைப்பேன். அது போதும் என்று நினைத்தேன்.

அன்று மகளுக்கு ஈப்போவில் நேர்முகத் தேர்வு. தாதியர் படிப்புக்கு. காலை பத்து மணிக்கு. நான் தேயிலைக்கு மருந்து அடிக்கிறவன். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தப் படிப்புக்குக் கடிதம் வந்த முதல் பெண் அவள்தான். தோட்ட ஆபீஸ் கிராணி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு லீவு கொடுத்தார்.

எங்கள் மலையிலிருந்து ஈப்போ இரண்டு மணி நேர வழி. ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் போய்விடலாம், அங்கேயே சாப்பிடலாம் என்று கணக்கு. மகள் சட்டையை முதல் நாளே தேய்த்து வைத்திருந்தாள். சான்றிதழ்கள் எல்லாம் ஒரு நீல ஃபைலில். அசல்தான் வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. நனையக் கூடாது என்று நான்தான் அதைக் கொண்டுபோய் காரின் பின்சீட்டில் வைத்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. குளிருக்கு எஞ்சின் சூடாக நேரமாகும். ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு, டயருக்கு எலுமிச்சை வைக்க இறங்கினேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மனைவி சூடத் தட்டோடு நின்றாள். சீட்டு நனையும் என்று கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டிருந்தேன். நான்காவது பழத்தை வைத்து நிமிரும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீல ஃபைல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

மகள் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு, “கண்ணாடிய உடைச்சிடலாம்பா,” என்றாள்.

நான் முடியாது என்றேன். எலுமிச்சை வைத்த வண்டி. சூடம் காட்டப் போகிற நேரம். படிப்புக்குப் போகிற பிள்ளை. அந்த நேரத்தில் கண்ணாடி உடைந்தால் போகிற காரியம் உடைந்த மாதிரி. மனைவியும் அதற்கு ஒத்துக்கொண்டாள். ஒரு கல் போதும். கல் என் காலடியில்தான் கிடந்தது. எங்கள் மேட்டில் யாரும் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் வண்டியை நிறுத்துவதில்லை.

லயத்தில் ஆள் இல்லை. எல்லாரும் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. கோடி வீடு. அங்கே என் மச்சான் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் அண்ணன். திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். கீழே சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு விடியும்போதுதான் வீடு திரும்பியிருந்தார். சாவி உள்ளே மாட்டிய லோரியை எத்தனையோ தடவை திறந்தவர். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவரோடு நான் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

காரணம் சின்னது. லயத்தின் கோடியில் ஒரு இடம் மட்டும்தான் சமதரை. அவர் தன் பழைய வேனை அங்கே விடுவார். நான் கார் வாங்கியதும் அந்த இடத்தில் இரண்டு பெரிய கல்லைப் போட்டு, எனக்கு என்று பிடித்துவைத்தேன். அவர் கல்லை உருட்டித் தேயிலைக்குள் தள்ளிவிட்டார். ஆட்கள் பார்க்க அவரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர்த்தட்டோடு அவர் என் வாசலுக்கு வந்தார். நான் கொல்லைப்பக்கம் போய், அவர் திரும்பிப் போகும்வரை விறகு வெட்டிக்கொண்டிருந்தேன். விறகு நிறைய இருந்தது. வெட்ட வேண்டிய தேவை இல்லை.

“அண்ணனக் கூப்புடுங்க,” என்றாள் மனைவி.

பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு சீனரின் கார்ப் பட்டறை இருக்கிறது. அவருக்குப் போன் செய்தேன். கடை திறக்க ஒன்பதாகும், பிறகுதான் வர முடியும் என்றார். இன்னும் இரண்டு பேருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்திக் கதவு இடுக்கில் விட்டுக் குத்தினேன். ரப்பர் கிழிந்தது. பூட்டின் குமிழ் அசையவில்லை.

ஏழு மணி ஆனது. மகள் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் நனைந்தது.

“நான் போயி மாமாகிட்ட கேட்டுட்டு வரேன்பா,” என்றாள்.

“நீ கேட்டாலும் நான் கேட்ட மாதிரிதான். போகாத.”

அவள் போகவில்லை. வளர்த்த விதம் அப்படி. அதை நினைத்து முன்பெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஏழரை. எட்டு. மனைவியின் தட்டில் சூடம் நனைந்து கிடந்தது. அண்ணனைக் கூப்பிடச் சொல்லி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். நான் அந்தக் கோடி வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் இன்னும் அங்கே நிற்கிறார் என்று மட்டும் முதுகுக்குத் தெரிந்தது.

எட்டு மணிக்கு மேல் அவர் இறங்கி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் பட்டை. காய்கறிப் பெட்டி கட்டுகிற பட்டை. அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம் பேசினார்.

“பாப்பா, உங்கப்பாவ அந்தக் கம்பிய வெளிய எடுக்கச் சொல்லு. ரப்பர் எல்லாம் கிழிஞ்சு கெடக்கு.”

எடுத்தேன்.

“கதவு மேல்முனைய ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்கச் சொல்லு.”

இழுத்தேன்.

“இன்னும் கொஞ்சம் லா. மருந்து டாங்கி தூக்குற கைதானே, பலம் எங்க போச்சுன்னு கேளு.”

மகள், “அப்பா...” என்று ஆரம்பித்தாள்.

“கேட்டுச்சுன்னு சொல்லு,” என்றேன்.

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது.

அவர் பட்டையை இரண்டாக மடித்து இடுக்கில் விட்டார். உள்ளே போனதும் மடிப்பைத் தளர்த்தி ஒரு சுருக்கு மாதிரி ஆக்கினார். அதைக் குமிழில் மாட்டி மேலே இழுத்தார். கதவு திறந்துகொண்டது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்கும் குறைவுதான்.

மகளின் தலையில் கை வைத்து, “பயப்படாம பேசு, என்ன,” என்றார். பிறகு காரின் கூரையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை. எதற்காக நின்றார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. நான் மனைவியிடம், “தள்ளி நில்லு, நேரமாச்சு,” என்றேன். வண்டியில் ஏறினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். எலுமிச்சை நசுங்கியது. பட்டை முன்சீட்டிலேயே கிடந்தது.

திரிங்காப் தாண்டி, கோலா தெர்லாவுக்கு முன்னால் ஒரு லோரி கவிழ்ந்திருந்தது. ரோடு முழுக்க முட்டைக்கோஸ். நாற்பது நிமிடம் நின்றோம். எட்டு மணிக்கு மேல்தான் கவிழ்ந்தது என்று அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மகளும் அதைக் கேட்டாள். பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈப்போ போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. மேசையில் இருந்த மலாய்க்கார அம்மா நல்ல மாதிரி. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்களாம். அவளுடைய பிரிவுக்குத் தேர்வு முடிந்துவிட்டதாம். அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடச் சொன்னார். மகள் நன்றி சொன்னாள். ஃபைலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாள்.

அடுத்த வருடம் எழுதிப் போட்டாள். கடிதம் வரவில்லை. இப்போது பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். ஒரு நாள்கூட என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

கேட்டவர்களிடம் எல்லாம் நான் லோரி கவிழ்ந்த கதையைத்தான் சொன்னேன். கோயிலில் சொன்னேன். கிராணியிடம் சொன்னேன். ரோடு அடைத்து ஜேம், அதனால் போச்சு என்று. எல்லாரும் ஆமாம், அந்த ரோடு அப்படித்தான் என்றார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

அந்தப் பெட்டியை மறுநாளே கழற்றி எறிந்தேன். அரை மணி நேர வேலை.

மறு வருடம் மச்சான் லோரி வேலையை விட்டார். ஜொகூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். சாமான் ஏற்றும்போது நான் மலையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பக்கத்து மலைக்கு மாற்றிக் கேட்டிருந்தால் வழியனுப்ப வந்திருக்கலாம். கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மனைவி சொன்னாள்:

“கதவு பூட்டுன ஒடனேயே அண்ணன் பட்டைய எடுத்து வச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சாம். நீங்க ஒரு தடவ திரும்பிப் பாப்பீங்கன்னு பாத்துச்சாம்.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தேன்.

சமதரை இடம் இப்போது என்னுடையது. போட்டிக்கு ஆள் இல்லை.

போன தீபாவளிக்கு மனைவி அவருக்குப் போன் செய்தாள். பேசிவிட்டுச் சட்டென்று என் கையில் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டேன்.

“மாப்ள,” என்றார்.

“சொல்லுங்க மச்சான்.”

“அங்க மழையா?”

“மழைதான்.”

“பாப்பா இன்னும் ஹோட்டல்லதான் இருக்கா?”

“ஆமா.”

பிறகு சொன்னார்: “அன்னைக்கு நான் முன்னாடியே எறங்கி வந்திருக்கணும் மாப்ள. வீம்புல நின்னுட்டேன். புள்ள படிப்பு போச்சு.”

நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். இல்லை மச்சான், தப்பு என்னோடது என்று சொல்ல இதுதான் இடம். வாய் வரைக்கும் வந்தது.

“ஜேம் மச்சான்,” என்றேன். “லோரி கவுந்துருச்சு. அதான்.”

“ம்,” என்றார்.

போனை மனைவியிடம் கொடுத்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. துருவுகிற சத்தம் மட்டும் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி கேட்டது.