வாய் திறக்காத துக்கம்

இத்தாலியின் டொரினோ நகரத்தில் பனிக்காலக் காலையில் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டால் எல்லாப் பற்களும் கூசும். வலது கீழ்த்தாடையில் இரண்டு மட்டும் கூசாமல் இருந்தன. அவை என்னோடு பிறந்து வளர்ந்த பற்கள் அல்ல. தாடை எலும்பில் உலோகத் திருகாணியை இறக்கி, அதன்மேல் கட்டியவை. இங்கே 'இம்பியாந்தோ' என்பார்கள். அந்த இடத்துச் சொந்தப் பற்களை, இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாளில் பிடுங்கிப் போட்டார்கள். தோட்டத்தில் பல்வலிக்கு அது ஒன்றுதான் வைத்தியம். என் கூடப்பிறந்த லெட்சுமி அக்காதான் கூடவே வந்து, தன் முந்தானையால் என் வாயைப் பொத்தி பஸ்ஸில் கூட்டிவந்தாள்.

திருகாணி வைத்த டொரினோ வைத்தியர் ஏதேதோ விளக்கினார். அன்றைய என் இத்தாலி மொழி, நான் வேலை பார்த்த வீட்டுக் கிழவிகளுக்குப் படுக்கை விரிக்கவும் சூப் கொடுக்கவும் மட்டுமே போதும். அவர் பேச்சின் கடைசியில் வந்த 'தூத்தா லா வீத்தா' மட்டும் பிடிபட்டது. ஆயுள் முழுக்க. அதற்கு முன்னால் அவர் சொன்னது, 'ஒழுங்காக வந்து சுத்தம் செய்துகொண்டால்' என்பது பின்னாளில்தான் புரிந்தது. புலம்பெயர்ந்து வந்து பல் கட்டிக்கொள்கிறவர்கள் அந்த முன்பாதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் நன்றாகத்தான் இருந்தது. லீவில் ஊருக்குப் போனபோது அக்கா விரலால் தட்டிப் பார்த்து, "இரும்பாடி? துரு புடிக்காதா?" என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு அந்த வைத்தியரின் கிளினிக்கை மூடிவிட்டார்கள். எனக்குச் சீனி வியாதி வந்தது. பல் தேய்த்தால் ரத்தம் கசிந்தது. வேறொரு வைத்தியர் எக்ஸ்ரேயைக் காட்டினார். மழை மண்ணை அரித்துக்கொண்டு போன தேயிலைத் தூரின் வேர்போல, எலும்பு கரைந்து திருகாணி வெளியே தெரிந்தது. அவர் கொடுத்த நாள் வருவதற்குள் ஊரிலிருந்து போன் வந்தது. அக்கா மாரடைப்பில் போய்விட்டாள்.

என் மகள் நிரோஷாவை வளர்த்தவள் அக்கா. நான் இத்தாலிக்குப் புறப்பட்டபோது நிரோஷாவுக்குப் பேச்சே திருந்தவில்லை. பெரியம்மாவை அவள் 'நீ' என்பாள். என்னை 'நீங்க' என்பாள்.

விமானத்திலேயே கன்னம் வீங்கத் தொடங்கியது. வேன் பதுளையைத் தாண்டித் தோட்டத்துக்கு ஏறியபோது சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. பார்ப்பவர்கள் கேள்வி கேட்கக் கூடாதென்று சால்வையைக் கன்னத்தோடு சுற்றிக்கொண்டேன். லயத்து வீட்டு வாசலில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சத்தம் கூடியது. பிறகு என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அழுகை தொண்டைவரை வந்து பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. மூக்கால் ஒரு முனகல் மட்டும் வெளியேறியது.

நிரோஷா செம்போடு வந்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

ஆமா என்று சொல்லத்தான் நினைத்தேன். இறுகிய பல்லிடுக்கில் வந்தது இத்தாலிக்காரர்களின் ஆமா. "சீ."

அவள் செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இத்தாலித் தண்ணிதான் எறங்குமாக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி. நிரோஷா செம்போடு உள்ளே போய்விட்டாள். வாய்க்கரிசி போடும்போது அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அழாமலே அவளை அனுப்பினேன்.

மறுநாள் காய்ச்சலில் உடம்பு உதறியது. சால்வையை விலக்கிப் பார்த்த நிரோஷா உடனே வேன் பிடித்தாள். பதுளையில் ஒரு சிங்கள வைத்தியர், இளைஞர், வாயைக் கொஞ்சங்கொஞ்சமாக நெம்பித் திறந்து சீழை வெளியேற்றினார். நாற்றம் அறையை நிறைத்தது. ஏனத்தைப் பிடித்திருந்த நிரோஷா முகத்தைத் திருப்பவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகாணி கையோடு வந்தது. மற்றது அடியில் எலும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. வைத்தியர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்:

"எந்தக் கம்பெனின்னு கேக்குறாரு. அதக் கழட்டுற சாமான் இவருகிட்ட இல்லியாம். போட்ட எடத்துலயே எடுக்கச் சொல்றாரு. இங்க இழுத்தா தாட ஒடஞ்சிருமாம்."

போட்ட இடமே இப்போது இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "வாய் தொறக்க முடியலன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எதால சொல்றது?"

சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். "பெரியம்மாவா இருந்தா பாத்தவொடனே கண்டுபுடிச்சிருக்கும்."

அந்தத் திருகாணியோடு கருமாதிவரை இருக்க முடியவில்லை. டொரினோவில் மற்றதை எலும்போடு வெட்டி எடுத்தார்கள். எலும்பு ஆறியபின் மறுபடி வைத்துப் பார்க்கலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். வேண்டாம் என்றுவிட்டேன்.

கருமாதியன்று காலை, வாயில் தையலோடு சமையலறையில் நின்றேன். நிரோஷா வீடியோவில் வந்தாள். "அம்மா, எல்லாரும் இருக்காங்க" என்று போனைத் திருப்பினாள். அங்கே ஒப்பாரி எழுந்தது. அக்கா என்று நான் வாய்விட்டுக் கதறினேன். பக்கத்து அறையில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவி விழித்துக்கொண்டாள். "கீ பியாஞ்ஜே?" என்று கத்தினாள். யார் அழுவது என்று கேட்கிறாள்.

போனை மார்போடு அழுத்திக்கொண்டேன்.

"நெஸ்ஸூனோ, சினியோரா" என்றேன். யாருமில்லை.