துளசியின் பாதங்களைத் தேடிப் பினாங்குக்கு

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் என் மனைவி சாந்தாவும் தைப்பிங்கில் ரயில் ஏறினோம். சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினோம். பட்டர்வொர்த் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். மற்றவர்கள் பினாங்குக்குச் சாப்பிடப் போவார்கள், கடல் பார்க்கப் போவார்கள். எங்கள் மடியில் இரண்டு பழைய கம்பளியும் ஒரு சுருள் கயிறும் இருந்தன. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசலிலிருந்து ஒரு சிமெண்டுப் பலகையைக் கொண்டுவரப் போகிறோம். இரண்டடிக்கு இரண்டடி இருக்கும். அதில் எங்கள் மகள் துளசியின் இரண்டு பாதங்கள் பதிந்திருக்கின்றன.

அது எப்படிப் பதிந்தது என்று சொல்லிவிடுகிறேன். துளசிக்கு மூன்று வயது. கிருஷ்ண ஜெயந்திக்கு முதல் நாள் வாசலில் நானே சிமெண்டு குழைத்துப் போட்டேன். மறுநாள் அரிசி மாவில் கண்ணன் பாதம் வரைய வேண்டுமே, ஈரச் சிமெண்டில் எப்படி என்று யோசித்த சாந்தா, பிள்ளையைத் தூக்கி, வீட்டுக்குள் நடந்து வருவதுபோல இரண்டு காலையும் அதில் அழுத்தி எடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் குழிகளில்தான் மாவை நிரப்புவோம். ஒன்பது வயதில் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் கால் வைப்பார்கள். தபால்காரர்கூட.

நிலத்துக்காரர் விற்றுவிட்டதால் அந்த வரிசை வீடுகள் எல்லாம் காலியாகின. நாங்கள் தைப்பிங்கில் சாந்தாவின் தம்பி வீட்டருகே குடிபோனோம். சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர், பலகையைப் பெயர்த்தால் உடைந்துவிடும், அதற்கு வெட்டுகிற மெசின் வேண்டும் என்றார். கிளம்பும்போது சாந்தா பாதங்களுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு செம்பருத்தியையும் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கட்டுமான இடத்துச் சூப்பர்வைசருக்குப் போன் செய்து கெஞ்சினேன். நல்ல மனிதர். "சிவப்புப் பொடி இருக்கும் கல்தானே? நொறுக்குகிற மெசினில் போட வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமை வாருங்கள்" என்று மலாயில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்தப் பயணம்.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தோம். பெர்ரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி கட்டணம். கடலைக் கடக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே ஜார்ஜ் டவுன் மேகத்துக்குக் கீழே வெளிறித் தெரிந்தது. கரையில் இறங்கும்போது தூறல் போட்டது. போனில் அழைத்த வாடகைக் கிராப் காரை ஓட்டி வந்தவர் ஒரு பாய், அறுபது வயதிருக்கும்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"தைப்பிங்."

"அதான் பாத்தேன்! அந்த ஊரு மழையக் கையோட கொண்டாந்துட்டீங்களே லா. மூணு நாளா இங்க நல்ல வெயிலு."

சாந்தா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னேன். இறங்கும்போது, "அல்லா நல்லபடியா குடுப்பான், போயிட்டு வாங்க" என்றார். நான் கைகூப்பினேன்.

பத்து மணி. எங்கள் வரிசை வீடுகள் இல்லை. தகரத் தடுப்புக்குள்ளே ஒரே வெளி. நடுவில் சங்கிலிச் சக்கரத்தின் மேல் ஒரு பெரிய மெசின் நின்றது, ஒரு பேருந்து நீளம். மண்வாரி இயந்திரம் உடைந்த தூணையும் சுவரையும் அள்ளி அதன் வாயில் போடுகிறது. உள்ளே இரண்டு இரும்புத் தாடைகள் கடிக்கின்றன. பல் கூசுகிற சத்தம். தூசி கிளம்பாமல் இருக்கக் குழாயில் தண்ணீர் அடிக்கிறார்கள். வெளியே ஓடும் ரப்பர்ப் பட்டையின் மேல் ஒரு காந்தம் தொங்குகிறது. சிமெண்டுக்குள் இருந்த கம்பிகளை மட்டும் அது இழுத்துத் தனியே தள்ள, அவை முறுக்குப் பிழிந்ததுபோலக் குவிந்து கிடந்தன. மீதியெல்லாம் ஜல்லியாகக் கொட்டுகிறது.

சூப்பர்வைசர் எங்களுக்குத் தலைக்கவசம் கொடுத்து, பெருமையாகக் காட்டினார். முன்பெல்லாம் இடித்த கல்லை லாரி லாரியாக ஏற்றி எங்கோ கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். இப்போது மெசினே இடத்துக்கு வருகிறது, இங்கேயே நொறுக்கி இங்கே வரும் புதுச் சாலைக்கே அடியில் போடுகிறார்கள். நல்ல காரியம்தான், வீணாகப் போகவில்லை. நான் ஒரு பிடி ஜல்லியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் அடுப்படிச் சுவரா, பக்கத்து வீட்டுச் சுவரா, யார் சொல்ல முடியும்?

"எங்கள் கல் எங்கே?" என்று கேட்டேன். மெசின் ஓட்டும் சேகருக்குத் தெரியும் என்று கைகாட்டி அழைத்தார். சத்தம் நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒருவர் இறங்கி வந்தார். நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாம்காரர்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. நீங்க அந்தக் கோயிலு ஆளுங்களா? ஒண்ணும் கவலப்படாதீங்க. மெசின்ல போடல. மொறையா அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா? எங்க?"

"கடலுக்குத்தான். பெயர்க்கறப்ப ஒரு மூலை ஒடஞ்சி போச்சி, அண்ணே. ஒடஞ்ச சாமிக்கல்லக் கோயில்ல வாங்க மாட்டாங்க. இங்க போட்டா நாளைக்கு எல்லாரும் மிதிப்பாங்க. பாஸும் மெசின்ல போடாதன்னு மட்டும்தான் சொன்னாரு. வியாழக்கெழம கறி சாப்பிடாம, குளிச்சிட்டு, நானும் கூட்டாளியும் தூக்கி வண்டில வச்சி வீட்டுப் பக்கம் கொண்டு போயி, சம்பான் படகுல ஏத்தினோம். சூடம் காட்டி, தேங்கா ஒடச்சித்தான் விட்டேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "சின்னச் சின்னப் பாதம். அம்மன் பாதமாக்கா அது? எந்தக் கோயிலு?"

சாந்தாதான் பதில் சொன்னாள்.

"கோயிலு இல்ல தம்பி. எம் புள்ள."

அவருக்கு உடனே விளங்கவில்லை. நான் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப் போயிற்று. "அலாமாக்..." என்றபடி மெசினின் சங்கிலிச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "குங்குமத்தப் பாத்தேண்ணே. மஞ்சளப் பாத்தேன். நான் என்னத்தக் கண்டேன்? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, ஒரு போனு..."

அவரை என்ன சொல்வது? குங்குமம் வைத்தது நாங்கள். அது இல்லாமல் இருந்தால் அவருக்கு அது வெறும் கல்லாகத் தெரிந்து, நாங்கள் வரும்வரை ஓரமாகக் கிடந்திருக்கும். கும்பிடத் தெரிந்த கையில் கிடைத்ததால்தான் போய்விட்டது. என் மனம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

சாந்தா அழவில்லை. சேகரின் எதிரே குந்தி உட்கார்ந்து ஒன்று கேட்டாள்.

"விடறப்ப பாதம் மேல பாத்தாப்லயா இருந்திச்சி?"

"மேல பாத்துதாங்கக்கா. சத்தியமா. குப்புறப் போடுவனா?"

"எந்த எடம்?"

அவர் தலை குனிந்தது. "எடம் சொல்லத் தெரியலக்கா. பெர்ரி போற பாதைக்கு அங்கிட்டு, ஆழமான தண்ணி. விட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதில்ல, பாக்காம வந்துட்டோம்."

எங்களுக்குச் சோறு வாங்கித் தருகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றால் அவர் மனம் இன்னும் உடையும் என்று போய் உட்கார்ந்தோம். மூன்று பேரும் ஆளுக்கு நாலு வாய்கூடச் சாப்பிடவில்லை. கல்லை ஏற்றப் பேசி வைத்திருந்த சின்ன லாரியைப் போன் செய்து நிறுத்தினேன். புறப்படும்போது சேகர் காலில் விழப்போனார். சாந்தா தடுத்து, "எங்களால செய்ய முடியாதத நீங்க செஞ்சிருக்கீங்க தம்பி. போயி வேலயப் பாருங்க" என்றாள். நாங்கள் தடுப்பைத் தாண்டிச் சாலைக்கு வந்த பிறகும் மெசின் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தொடங்கியது.

மாலை நாலரைக்குத் திரும்புகிற பெர்ரி. மழை விட்டிருந்தது. வேலை முடிந்தவர்கள், மோட்டார் சைக்கிள்கள், பாட்டு வைத்துக்கொண்டு பையன்கள். எல்லோரும் முன்பக்கம் நின்று பட்டர்வொர்த் கரையைப் பார்த்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் துளசியின் அஸ்தியைக் கடலில் விட்டபோது, ஐயர் சொன்னார் என்று நான் திரும்பாமல் கரையேறினேன். சாந்தாவையும் தோளைப் பிடித்து, திரும்ப விடாமல் கூட்டி வந்தேன்.

இந்த முறை அவள் பெர்ரியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்து நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஓர் இடம் விடாமல். பெர்ரி கரையில் முட்டியது, கதவைத் திறந்தார்கள், எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சாமி என்னை மன்னிக்கட்டும், வா என்று நான் அவளைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய் நின்று நானும் பார்த்தேன்.