எங்கள் முன்பள்ளிக்கு வந்த ஆம்பிளை டீச்சர்

ஹனிபா சேர் மௌத்தாகிவிட்டார்… இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. அவருடைய மகள் கோல் எடுத்து மரணச் செய்தியைச் சொன்னாள்.

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் இது அழுகைப் பதிவு இல்லை, பெருமைப் பதிவு.

யுத்த காலத்தில் மாம்புரிப் பக்கம் நான் ஒரு முன்பள்ளி நடத்தினேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். அங்கே என்னோடு படிப்பித்தவர் அவர். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு… ஒரு ஆம்பிளை.

அப்போது இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இப்போதும் சிரிக்கிறார்கள்தான், அதை இன்னொரு நாள் திட்டி எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கேம்பில் இருந்த இளந்தாரி. ஆள் நல்ல உயரம், குரல் இடி மாதிரி. வேலை கேட்டு வந்தவரிடம் "பெரிய பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"இல்ல டீச்சர், எனக்குச் சின்னதுகளோடதான் சரிவரும்" என்றார். வெட்கமே இல்லாமல்.

சரி, வாங்க என்றேன்.

எங்கள் வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பாயில், கேம்ப் பிள்ளைகள் இன்னொரு பாயில். மீன் தொழிலுக்கு வந்த தமிழ், சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள் வாசலோரம். நாங்கள் பிரிக்கவில்லை… வீட்டில் கேட்ட கதைதான் பிரித்து வைத்தது.

சேர் வந்த முதல் கிழமையே எல்லாப் பாயையும் சேர்த்துப் போட்டு "இதுதான் படகு. ஏறாத ஆள் கடலுக்குள்ள!" என்றார். எஞ்சின் சத்தமும் அவர்தான்.

ஒரு சிங்களப் பிள்ளை "யமு! யமு!" என்று கத்தினான். போவோம் என்று அர்த்தம். முழு வகுப்பும் அவனோடு சேர்ந்து யமு, யமு… அதற்குப் பிறகு அந்தப் பாய்களை யாரும் பிரிக்கவில்லை.

பிரச்சினை பிள்ளைகளிடமிருந்து வரவில்லை. அவர்களைப் பெற்ற வாப்பாமாரிடமிருந்து வந்தது.

காசிம் நானா என்று ஒரு படகு முதலாளி. அவருடைய மகள் ரிஸ்னா எங்களிடம் படித்தாள். ஆம்பிளை டீச்சரா என்று அவர் பிள்ளையை நிறுத்தினார்… அவரைப் பார்த்து பாதி ஊரே நிறுத்தியது.

பிள்ளைகளை டொய்லட்டுக்குக் கூட்டிப்போவது நானும் ஆயாவும்தான். முதல் நாளே அப்படி ஒழுங்கு வைத்தவர் சேர்தான். சொன்னால் யார் கேட்டது?

பெற்றோர் கூட்டம் வைத்தோம். அன்று அவர்கள் வேண்டாம் என்றால் சேர் போகத்தான் வேண்டும். போனால் திரும்பவும் கேம்பில் நிவாரண வரிசை.

காசிம் நானா எழும்பினார். "சின்னப் புள்ளைக்குச் சோறு தீத்துறது, தாலாட்டுறது எல்லாம் பொம்புளைகள்ட வேல. ஆம்பிளைக்கு அது வருமா?"

சேர் அமைதியாகக் கேட்டார். "நானா, தொழிலுக்குப் போய் கடற்கரை வாடிக் குடிசையில கிடக்கக்குள்ள உங்களுக்கு ஆரு சமைக்கிற?"

"ஆரு சமைக்கிற… நாங்கதான்."

"ஆருக்கும் காய்ச்சல் வந்தா கஞ்சி தீத்துறது?"

காசிம் நானா மெல்ல உட்கார்ந்தார். பின்னால் இருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். நானும்தான்.

"இப்ப சோளகக் காத்துக் காலம். கடலுக்கு ஒருத்தரும் போறல்ல. தாய்மார் கஞ்சி காய்ச்ச முறைக்கு வாற மாதிரி நீங்களும் வாங்க. கிட்ட இருந்து பாருங்க. ஒரு பிழை கண்டாலும் நானே போயிடுறன்" என்றார் சேர்.

முதல் நாள் முறை காசிம் நானாவுக்கே விழுந்தது. ஒரு பெரிய சட்டியோடு வந்தார், தன் சமையல் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மனுசன் வாடியில் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சிவிட்டார்… செத்தல் மிளகாயும் மிளகும் போட்டு! பிள்ளைகள் ஒரு வாய் வைத்ததும் ஆ, ஊ என்று ஒரே கூச்சல்.

பாவம், வியர்த்துப் போய்விட்டார். தேங்காய்ப்பால் ஊற்றி, சீனி போட்டு, ஊதி ஊதி ரிஸ்னாவுக்குத் தீத்தினார். பக்கத்தில் இருந்த கேம்ப் பிள்ளை ஒன்று தானும் வாயைத் திறந்தது.

ஒரு கணம் யோசித்தார். பிறகு அதே கரண்டியால் அந்தப் பிள்ளைக்கும் தீத்தினார்… அடுத்ததுக்கும்… அதற்கு அடுத்ததுக்கும். சேர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி விளையாட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சோளகம் முழுக்க வாப்பாமார் வந்தார்கள். கஞ்சி காய்ச்சினார்கள், மூக்குத் துடைத்தார்கள், சேரின் படகில் ஏறினார்கள். நிறுத்திய பிள்ளைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கடல் அடங்கிய பிறகு திரும்பவும் கூட்டம். முடிவு சொல்லக் காசிம் நானாதான் எழும்பினார்.

"நாளைக்கு நாங்க தொழிலுக்குப் போயிருவம். இங்க வாப்பா இல்லாத புள்ளைகளும் இருக்கு" என்றார். சேரைக் காட்டி, "எல்லாத்துக்கும் பொதுவா ஒரு வாப்பா இங்க இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவு பெரிய ஆள் ஹனிபா சேர்… பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

யுத்தம் முடியும்வரை எங்களோடுதான் இருந்தார். அவரோடு வேலை செய்தவள் நான். எங்கே போனாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். வரக்கூடியவர்கள் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், சத்தம் போட்டால் போடட்டும்.

போய்ட்டு வாங்க சேர்… சுவர்க்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் பக்கமாக அல்லாஹ் உங்களுக்கு ஓர் இடம் தரட்டும்.